புற்றுக்கட்டிக்குள்ளேயே ஒரு 'நெறி'... இம்யூனோதெரபி யாருக்கு கைகொடுக்கும் என்று திசுப்படம் சொல்லுமா?

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். தொண்டை புண்ணானால் கழுத்தில் கட்டும். வீட்டுப் பெரியவர்கள் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அங்கே வீங்குவது நிணநீர் முடிச்சு. நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுகூடி, கிருமியை அடையாளம் கண்டு, பெருகி, சண்டைக்குக் கிளம்பும் இடம் அது.

இதே மாதிரி ஒரு முடிச்சு புற்றுநோய்க் கட்டிக்கு உள்ளேயே உருவானால்? சிலருக்கு உருவாகவே செய்கிறது. மருத்துவத்தில் இதை 'டெர்ஷியரி லிம்ஃபாய்டு ஸ்ட்ரக்சர்', சுருக்கமாக டிஎல்எஸ் என்கிறார்கள். மண்ணீரல் போல பிறக்கும்போதே கூட வருவதில்லை இது. அழற்சி நீண்ட நாள் நீடிக்கும் இடத்தில் பிற்பாடு முளைப்பது.

இதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

இம்யூனோதெரபி பற்றி கேள்விப்பட்டிருப்பீர்கள். நோய் எதிர்ப்பு செல்கள் மீது விழுந்திருக்கும் 'பிரேக்'கை எடுத்துவிடும் சிகிச்சை. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், சிலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் இருக்கிறது, பலருக்கு பலனே இல்லை. செலவோ லட்சங்களில். குடல், நுரையீரல், தைராய்டு என்று பக்கவிளைவும் வரலாம். யாருக்கு வேலை செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது!

2020 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஒரே நேரத்தில் மூன்று ஆய்வுகள் வெளியாகின. மெலனோமா, சிறுநீரகப் புற்றுநோய், சர்கோமா ஆகியவற்றில் டிஎல்எஸ்-ம் அதில் இருக்கும் பி செல்களும் நல்ல பலனோடு தொடர்புள்ளவை என்று அவை காட்டின. அதுவரை டி செல்தான் ஹீரோ, பி செல்லை பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து பிரான்ஸில் நடந்தது இன்னும் முக்கியம். மென்திசு சர்கோமா நோயாளிகளுக்கு பெம்ப்ரோலிசுமாப் மருந்தோடு குறைந்த அளவு கீமோ மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். யாரையும் பிரிக்காமல் கொடுத்தபோது கட்டி கணிசமாகச் சுருங்கியது 2.4 சதவீதம் பேருக்கு மட்டும். பிறகு, கட்டியில் டிஎல்எஸ் உள்ளவர்களை மட்டும் தேர்வு செய்தார்கள். 2022-ல் வெளியான முடிவில் அது 30 சதவீதம். மருந்து அதேதான், ஆளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் வேறு. ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 30 பேர்தான், சிறிய ஆய்வு.

திசுவை ஏன் படம் எடுக்க வேண்டும்?

கட்டியை அரைத்துக் கரைத்து எண்ணினால் எத்தனை பி செல், எத்தனை டி செல் என்று தெரிந்துவிடும். ஆனால் யார் பக்கத்தில் யார் இருந்தார் என்பது போய்விடும். அவியலை மிக்ஸியில் அடித்துவிட்டு முருங்கைக்காய் எங்கே என்று கேட்கிற கதை!

அதனால் திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, 4 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். தலைமுடியை விட பல மடங்கு மெலிசு. வழக்கமான சாயத்தில் செல்லின் உட்கரு ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். டிஎல்எஸ் அடர்த்தியான ஊதாத் திட்டாகத் தெரியும். அது எந்த செல் என்று உறுதி செய்ய ஆன்டிபாடி சாயம் வேண்டும்: பி செல்லுக்கு சிடி20, டி செல்லுக்கு சிடி3.

பழைய முறையில் ஒரு சீவலில் ஒன்றிரண்டு சாயம்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவான 'கோடெக்ஸ்' முறையில், ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் டிஎன்ஏ 'பார்கோடு' ஒட்டி, சிலவற்றை ஒளிரவிட்டு படம் எடுப்பார்கள். கழுவிவிட்டு அடுத்த சிலவற்றை எடுப்பார்கள். 2020-ல் 35 குடல் புற்றுநோயாளிகளின் திசுவில் இப்படி 56 அடையாளங்களைப் பார்த்தார்கள். செல்களை இனம் பிரித்து, எது எதற்கு பக்கத்தில் என்று கணக்குப் போடுவது கம்ப்யூட்டர் வேலை.

சும்மா கும்பலாக நிற்கும் செல்களும், முறையாக அமைந்த டிஎல்எஸ்-ம் ஒன்றல்ல. முதிர்ந்ததில் நடுவில் பி செல் வட்டம், அங்கே செல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம், சுற்றிலும் டி செல், புது செல்கள் உள்ளே வர தனி ரத்தக்குழாய் என்று ஒரு ஒழுங்கு இருக்கும். சிகிச்சைப் பலனோடு அதிகம் பொருந்துவது இந்த முதிர்ந்த வகைதான்.

இருந்தால் நல்லதுதானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நாள்பட்ட அழற்சி உள்ள கல்லீரலில், இதே மாதிரி அமைப்புகள் ஆரம்பகட்ட புற்று செல்களுக்கு அடைக்கலம் கொடுப்பதாக 2015-ல் ஒரு ஆய்வு காட்டியது. உறுப்புக்கு உறுப்பு கதை மாறும். இன்னொன்று, ஊசி பயாப்ஸியில் கிடைப்பது நூல் போன்ற துணுக்கு. டிஎல்எஸ் கட்டியின் ஓரத்தில் இருந்தால் ஊசிக்கு சிக்காமலே போகலாம். 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் உண்மையில் இல்லை என்று அர்த்தமாகாது.

எனவே டிஎல்எஸ் இன்னும் வழக்கமான பரிசோதனை ஆகவில்லை. இம்யூனோதெரபி பற்றி முடிவெடுக்க டாக்டர்கள் பொதுவாகப் பார்ப்பது பிடி-எல்1, எம்எஸ்ஐ போன்ற பரிசோதனைகளைத்தான்.

ஒன்று மட்டும் கவனம். மெழுகில் பதித்த திசு, அதாவது 'பாரஃபின் பிளாக்', ஆண்டுக்கணக்கில் தாங்கும். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவோ, பிறகு புதிய பரிசோதனை செய்யவோ அதிலிருந்துதான் சீவ வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகு ரிப்போர்ட்டோடு, பிளாக் எங்கே இருக்கிறது, எத்தனை காலம் வைத்திருப்பார்கள், எப்படிக் கேட்டு வாங்குவது என்பதையும் மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.