நாலுக்கு எத்தனை?

போன வருஷம் நான் போட்ட ஒரு தப்புக் கணக்கைப் பத்தி இந்தப் பதிவு.

ஊர்ல இருந்து தம்பி போன் பண்ணினான். பிளஸ் டூ-வில் 600-க்கு 426. இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஜி.பி.ஏ குறைஞ்சது 3.0 வேணுமாம். "அண்ணா, எனக்கு எவ்ளோ வரும்?" நானும் பெரிய மேதாவி மாதிரி 71 சதவீதத்தை 25-ஆல் வகுத்து, 2.84-னு சொல்லிட்டேன். அவன் விண்ணப்பிக்கவே இல்லை.

இந்த வருஷம் இளங்கலைப் பசங்களோட பேப்பர் திருத்துற வேலை கிடைச்சுது. அப்பதான் உறைச்சுது. என் வகுப்பில் 71 வாங்கினா சி, அதாவது 2.0. 95 வாங்கினா ஏ, 4.0. என் வகுத்தல் கணக்குப்படி 95-க்கு 3.8 தான் வரும்! இவங்க ஊர் மார்க்குக்கே ஒத்துவராத கணக்கு. அப்ப இந்த நாலு எங்கேயிருந்துதான் வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன்.

1785-ல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ், கடைசி வருஷ மாணவர்கள் 58 பேருக்குப் பரீட்சை வச்சு நாலு தரமாப் பிரிச்சார். மேலிருந்து கீழா 20, 16, 12, 10 பேர். ஒவ்வொரு தரத்துக்கும் லத்தீன்ல ஒரு பேரு, அவ்வளவுதான். மார்க் கிடையாது. 1813 வாக்கில் அதே யேலில் நாலுக்கு இத்தனைன்னு சராசரி போட ஆரம்பிச்சாங்க. ஆக, நாலு என்பது நூறைச் சுருக்கினது இல்லை. அது பிறந்த வீடே வேற.

நூறையும் எழுத்தையும் முடிச்சுப் போட்டவங்களில் முன்னோடி, மவுண்ட் ஹோல்யோக் பெண்கள் கல்லூரி. 1897-ல் அவங்க வச்ச கணக்கு: 95-க்கு மேல் ஏ, 85 முதல் 94 வரை பி, 76 முதல் 84 வரை சி, சரியா 75 எடுத்தா டி. அதுக்குக் கீழே ஃபெயில். என் தம்பி அங்கே ஃபெயில் :-) நம்ம ஊர்லயோ 35 எடுத்தா பாஸ், காலேஜில் 60 எடுத்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ். நூறு ஒண்ணுதான், தரை வேற வேற உயரத்தில் இருக்கு.

அந்த நூறும் அப்படியொண்ணும் துல்லியம் இல்லை. 1913-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ரெண்டு பேரும் ஒரே ஒரு ஜியாமெட்ரி விடைத்தாளை நூத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னாங்க. கிடைச்ச மார்க் 28-ல் தொடங்கி 95 வரை! எழுத்து கிரேடுகள் பரவலானதுக்கு இந்த மாதிரி ஆராய்ச்சிகளும் ஒரு காரணம்.

அதனால மக்களே, நீங்களா வகுக்காதீங்க. மார்க் ஷீட்டில் இருக்கிறபடியே எழுதி, எத்தனைக்கு எத்தனை, பாஸ் மார்க் எவ்வளவுன்னு சேர்த்துப் போடுங்க. ஜி.பி.ஏ கட்டாயம்னா, எப்படி மாத்தணும்னு அந்தக் கல்லூரியிடமே ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. நிறைய இடங்களில் மாத்தாம அனுப்பச் சொல்லித்தான் பதில் வரும்.

தம்பி இப்ப ஊர்லயே பி.எஸ்ஸி படிக்கிறான். சந்தோஷமாத்தான் இருக்கான். ஆனா 2.84 தப்புன்னு அவன்கிட்ட இன்னும் சொல்லலை. இந்த ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லிடணும்.