பல்லவன் கண் வைத்த காவிரி

லால்குடியிலிருந்து மலைக்கோட்டைக்குக் கிளம்புகிறீர்களா? ஒரு யோசனை... பஸ்ஸை விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். கொள்ளிடம், ஸ்ரீரங்கம், காவிரி என்று வரிசையாகத் தாண்டி, மலைக்கோட்டைக்குப் பக்கத்திலேயே திருச்சி டவுன் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். வருகிற வழியில் காவிரியை நன்றாகப் பார்த்து வையுங்கள். நம் கதையே அதைப் பற்றித்தான்!

காலையிலேயே போய்விடுங்கள். படிகள் நானூறுக்கும் மேல். வெயில் ஏறினால் வெறுங்காலில் பாறை பொறுக்காது. சின்னக்கடைத் தெரு நெரிசலைக் கடந்து, அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறினால், தாயுமானவர் சந்நிதி. அங்கிருந்து எல்லோரும் உச்சிப் பிள்ளையாரை நோக்கி விறுவிறுவென்று நடையைக் கட்டுவார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். வழியிலேயே இருக்கிறது, முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். வயது சுமார் 1400! உள்ளே போக அனுமதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேற்குச் சுவரில் கங்காதரர். பூதகணத்தின் மேல் காலை ஊன்றி, ஒரு கையால் சடையைப் பிடித்து கங்கையை ஏந்தி நிற்கிறார். அவருக்கு இருபுறமும் உள்ள தூண்களில் கிரந்த எழுத்தில் சம்ஸ்கிருதக் கல்வெட்டு. அது சொல்லும் சேதிதான் சுவாரஸ்யம். நதிகள் மேல் பிரியம் கொண்ட சிவன், காவிரியிடம் மயங்கிவிடுவாரோ என்று பார்வதிக்குக் கவலையாம். பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, காவிரி பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்!

இன்னொரு பாட்டில் சிவனே கேட்கிறார்: தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழர்களின் செழிப்பையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது? அதற்காகவே மன்னன் மலை மேல் வீடு கொடுத்தானாம்.

யோசித்துப் பாருங்கள். காஞ்சிபுரத்து ராஜா, சோழர்களின் ஆற்றுக்குத் தன் பெயரில் பட்டா போட்டுக்கொள்கிறான். அதற்கு சாட்சி, பார்வதி! பக்தியும் அரசியலும் ஒரே உளியில் செதுக்கப்பட்ட இடம் இது. கத்தி தீட்டிப் பிடித்த நாட்டை, கவிதை எழுதித் தனதாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம்.

தயவுசெய்து அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உங்கள் பெயரைக் கிறுக்கவும் வேண்டாம். சோழநாட்டில் பல்லவன் கால் ஊன்றியதற்கு அவன் வாயாலேயே கிடைத்த வாக்குமூலம் அது. தேய்ந்துபோனால் திரும்ப எழுதித்தர ஆள் கிடையாது.

பிறகு உச்சிக்கு ஏறுங்கள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே பாருங்கள்... காவிரி, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். சிவனுக்காக என்று மகேந்திரன் சொன்ன காட்சி இதுதான். அவனும் ஆசை தீரப் பார்த்திருப்பான்!