கேஷ், காசு

கேஷ்: ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஒரே எழுத்துக்கூட்டலில் இரு சொற்கள் இதற்குள் அடங்கியுள்ளன. ரொக்கம் என்னும் பொருளில் வழங்குவது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அல்லது இத்தாலி மொழி வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. பெட்டி எனப் பொருள்படும் லத்தீன் 'காப்சா' இதன் மூலம். பணப்பெட்டியின் பெயர் நாளடைவில் உள்ளிருந்த பணத்துக்கு ஆயிற்று. ஆசியச் சிறு நாணயங்களைக் குறிக்கும் மற்றொரு கேஷ், தமிழ்க் காசு. போர்த்துகீசியர் இதைக் 'கைஷா' என்றனர்; அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர். சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் பின்னர் இப்பெயராலேயே அழைத்தனர்.

காசு என்பதன் மூலம் பற்றி ஒத்த கருத்தில்லை. எடையைக் குறிக்கும் வடசொல் 'கர்ஷம்' என்பதன் திரிபு என்பாரும், தமிழுக்கே உரியது என்பாரும் உளர். மணி, பொன், குற்றம் ஆகிய பொருள்களும் இதற்கு உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் இதுவும் ஒன்று. ஆகவே காசில்லாப் புலவரும் காசில் முடிக்கலாம்.

காவிரிப் படுகையில் காசின் வரலாறு சோழர் காலத்தில்தான் விரிவாகக் கிடைக்கிறது. முதலாம் இராசராசன் (985–1014) காலத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், கோயிலின் முதல்தொகையிலிருந்து ஊர்ச்சபைகள் காசு கடன் பெற்றதையும் அதற்குரிய பொலிசையையும் பதிந்துள்ளன. ஒரு காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு. நெல்லாக அளந்தால் மூன்று குறுணி, அதுவும் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. காசுக்கு இரண்டு கலம் என்று விலை வைத்துப் பார்த்தால் இரு கணக்கும் இம்மி பிசகாமல் ஒன்றாகின்றன. அன்றைய காசு அரைக் கழஞ்சுப் பொன்னுக்குச் சமம் எனச் சிலர் கொள்வர். அது கையில் புழங்கிய நாணயமா, கணக்கிலிருந்த மதிப்பு மட்டுமா என்பதும் விவாதத்துக்குரியது. பஞ்சக் காலத்தில் திருவீழிமிழலையில் இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு அளித்ததாகப் பெரியபுராணம் கூறும். சம்பந்தர் பெற்றதற்கு மட்டும் கடையில் வட்டம் (கழிவு) பிடித்தனராம்.

நாயக்கர் காலத்தில் வரி நெல்லாகவும் சேர்ந்தது. பாபநாசம் திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் அக்காலத்து வட்ட வடிவச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் உள்ளது. மூவாயிரம் கலம் கொள்ளும் என்பர். தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடியில் காலூன்றிய டேனியர் முதலில் ஈயத்திலும் பிறகு செம்பிலும் காசு அடித்தனர். பிற்கால நாணயங்களில் 'காஸ்' என்ற பெயரே பொறிக்கப்பட்டது. 1845இல் அவ்வூர் ஆங்கிலேயர் வசமானது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சோழர் காலத்தில் பொன்மதிப்புக் கொண்டதாகக் கருதப்படும் காசு இங்கே வராகனில் 3,360இல் ஒரு பங்காகிவிட்டது. பர்மிங்காம் அருகே மாத்தியூ போல்ட்டனின் சோகோ ஆலையில் அடித்த செப்புக்காசுகள் கப்பலில் வந்தன. 20 காசு நாணயத்தில் 'இருபது காசு நான்கு ஃபுலூஸ்' என்ற பொருளில் பாரசீக வாசகம் இருந்தது. 1808 என ஆண்டு பொறித்த காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 சனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அவை லட்சக்கணக்கில் மீட்கப்பட்டன. சென்னைச் சந்தைக்கு வராத காசு இப்போது நாணயம் சேர்ப்பவரிடம் மலிவாகக் கிடைக்கிறது.

சென்னை மாகாணம் 1818இல் ரூபாய்க்கு மாறியது. புதுக்கோட்டையில் அம்மன் காசும் திருவிதாங்கூரில் காசும் சமஸ்தானங்கள் இணையும்வரை நீடித்தன.

இன்று காசு எனத் தனி நாணயம் இல்லை. பேச்சில் பணம் முழுவதும் காசுதான். பாபநாசம் வட்டத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குத் தரும் நெல்லின் விலை விவசாயியின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கடைத்தெருவில் 'கேஷா, ஜிபேயா?' என்கிறார்கள்.