அந்த 2 எங்கிருந்து வந்தது?



ஆவி அடர்த்தியை 2-ஆல் பெருக்கினால் மூலக்கூறு நிறை என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த 2-க்காக வேதியியலார் ஏறக்குறைய 50 ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். அந்தக் கதைதான் இன்று.

வெல்டிங் பட்டறையில் எரிகிற அசிட்டிலீன் ஒரு வாயு. பென்சீன் ஒரு திரவம். ஆனால் பகுத்துப் பார்த்தால் இரண்டிலும் நூற்றுக்கு 92.3 பங்கு கார்பன், 7.7 பங்கு ஹைட்ரஜன். கார்பனை 12-ஆலும் ஹைட்ரஜனை 1-ஆலும் வகுங்கள்: ஒன்றுக்கு ஒன்று. இதுதான் எளிய விகித வாய்பாடு. இதன் நிறை 13. சதவீதம் இதற்கு மேல் வாய் திறக்காது. மூலக்கூறு நிறை தெரிந்தால்தான் வழி பிறக்கும். அசிட்டிலீன் 26, அதாவது 2 மடங்கு. பென்சீன் 78, அதாவது 6 மடங்கு.

1825-இல் பென்சீனைக் கண்டுபிடித்த ஃபாரடே, அதில் இரண்டு கார்பனுக்கு ஒரு ஹைட்ரஜன் என்று எழுதினார். சோதனை சரிதான். அன்று அவர் கார்பனுக்கு வைத்திருந்த எண் 6!

குழப்பத்தின் வேர் டால்ட்டனிடம் இருந்தது. நீரில் ஓர் ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் என்று அவர் எளிமையாக வைத்துக்கொண்டார். (12 வயதிலேயே பாடம் நடத்தத் தொடங்கியவர், எளிமையை விரும்பியதில் வியப்பில்லை.) 1811-இல் இத்தாலியின் வெர்செல்லியில் ஆசிரியராக இருந்த அவோகாட்ரோ வழி சொன்னார்: ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம், ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரியக்கூடியது. ஒரே வகை அணுக்கள் எப்படிச் சேரும் என்று கேட்டுப் பலர் ஒதுக்கிவிட்டார்கள்.

1826-இல் டூமா கண்ணாடிக் குடுவையில் ஆவியை அடைத்து எடை போடும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் பாதரசம், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றின் ஆவிகள் அவரைத் திணறடித்தன. எல்லாத் தனிமங்களுக்கும் மூலக்கூறில் இரண்டு அணுதான் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். பாதரச ஆவியில் ஒன்று, பாஸ்பரஸ் ஆவியில் நான்கு!

முடிச்சை அவிழ்த்தவர் ஜெனோவாவில் பாடம் நடத்திய கன்னிசாரோ. 1858-இல் அவர் வெளியிட்டது பெரிய ஆராய்ச்சி நூல் அல்ல, தம் மாணவர்களுக்கு நடத்திய பாடத்தின் சுருக்கம். ஒரு வாத்தியாரின் பாடக்குறிப்பு என்பதில் எனக்குத் தனிப் பெருமை! பென்சீன் ஆவி, அதே பருமனுள்ள ஹைட்ரஜனைப் போல் 39 மடங்கு கனம். அப்படியென்றால் ஒரு பென்சீன் மூலக்கூறும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைப் போல் 39 மடங்கு. ஹைட்ரஜன் மூலக்கூறில் அணு இரண்டு. ஆகவே 78. அந்த 2 இதுதான்.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் கூடினார்கள். முடிவு எட்டவில்லை. கலைகிற நேரத்தில் கன்னிசாரோவின் நண்பர் பவேசி அந்தக் குறிப்பின் பிரதிகளை விநியோகித்தார். வாங்கிச் சென்ற லோதர் மேயர் படித்துத் தெளிந்தார். மென்டலீவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். திருத்திய அணு நிறைகளை வைத்துத்தான் பின்னாளில் இருவரும் தனித்தனியாகத் தனிம வரிசை அட்டவணை போட்டார்கள்.

அவோகாட்ரோ இதைப் பார்க்கவில்லை. 1856-லேயே காலமாகிவிட்டார்.