போனக்காட்டு மலையும் விழிஞம் கடலும்

"அப்பா, நாம தமிழ்நாடா கேரளாவா?"

போன லீவில் விழிஞம் கடற்கரையில் வைத்து மகள் கேட்டாள். மஸ்கட்டில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். பாங்கில் தினமும் பத்துப் பேரிடம் 'நிரந்தர முகவரி' கேட்கிற எனக்கு, சட்டென்று பதில் வரவில்லை.

நான் பிறந்தது போனக்காடு தேயிலை எஸ்டேட் லயத்தில். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். அங்கே பையன்கள் என்னைப் 'பாண்டி' என்பார்கள். தென்காசி மாமா வீட்டுக்குப் போனால் 'மலையாளத்தான்'!

லயத்துக்கு மேலே தெரிவது அகஸ்தியர்கூடம், அதாவது நம் பொதிகை மலை. சங்க காலத்தில் பொதிகையை ஆண்டவர்கள் ஆய் வேளிர். அதே ஆய் மரபினருக்குப் பின்னாளில் முக்கியத் துறைமுகமாகவும் தலைநகராகவும் இருந்தது, அன்று நாங்கள் நின்றுகொண்டிருந்த விழிஞம்தான்.

இந்தச் சின்ன வளைகுடாவுக்கு எத்தனை போட்டி தெரியுமா? 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தை அழித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. பிறகு ராஜராஜ சோழனின் தளபதி பிடித்தார். கடலையே அகழியாகக் கொண்ட கோட்டை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் மேற்காசிய, சீன மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. வளைகுடா நாட்டில் பிழைக்கும் எனக்கு இது ஒரு தனி சந்தோஷம்.

இன்று மிஞ்சியிருப்பது ஒரு சிறிய குடைவரைக் கோயில். வெளியே இருபுறமும் செதுக்கி முடிக்காமல் விட்ட சிவன் உருவங்கள். சற்றுத் தள்ளி, 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள்.

ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் 95 மாணவர்களுக்காகச் சாலை அமைத்த பார்த்திவசேகரபுரம் இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில். விழிஞம் கேரளத்தில். நடுவில் இந்த மாநில எல்லை வந்தது 1956 நவம்பர் 1-இல்தான். மலையும் கடலும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே ஒரே நாடாக இருந்தவை.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ போனக்காடுன்னே எழுதட்டுமா?" என்றாள்.

"எழுதும்மா" என்றேன். 'பாண்டி' என்று கூப்பிட்ட ஊர்தான். இருந்தாலும், எழுதட்டும்.