இல்லாத உறுப்புக்கு ஒரு பூச்சியம்



உயர்தர விடைத்தாள் திருத்தும்போது நாங்கள் அடிக்கடி காண்பது இது. ஒரு கனக் கோவை: கனத்தின் குணகம் 1, வர்க்க உறுப்பு இல்லை, பிறகு −7, கடைசியில் 6. தொகுமுறை வகுத்தலில் 1, 0, −7, 6 என்று எழுத வேண்டும். 1ஐ இட்டால் 1, 1, −6, மீதி 0. மூலங்கள் 1, 2, −3. நம் சிலாபத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பூச்சியத்தை விட்டுவிடுவார்கள். அப்போதும் மீதி 0தான் வரும்! ஆனால் அடுத்த மூலம் 6 என்று பிழையாகக் காட்டும்.

குணகங்களை மட்டும் அட்டவணையில் எழுதி, இல்லாத படிக்குப் பூச்சியம் வைத்து வகுக்கும் வழியை 12ஆம் நூற்றாண்டில் பக்தாதின் அஸ்ஸமவ்அல் ‘அல்பாஹிர்’ நூலில் காட்டினார். அப்போது அவருக்கு வயது 19, நம் உயர்தரப் பிள்ளைகளின் வயதுதான். ‘நம்மவர்’ என்று அவசரப்பட வேண்டாம். அன்று அவர் யூதர். இஸ்லாத்தைத் தழுவியது 1163இல்.

அவருடைய அட்டவணை நீளமானது. இன்று கரும்பலகையில் மூன்றே வரியில் முடிப்பது இத்தாலியின் ருஃபினி (1804), இங்கிலாந்தின் ஹோர்னர் (1819) இருவரும் மூலம் தேடிய முறையின் சுருக்கம். சீனாவின் சின் ஜியுஷாவ் 1247இலேயே அதற்கு நிகரான முறையில் மூலம் கண்டிருந்தார். அவர் நூலிலும் வெற்று இடத்துக்கு ஒரு வட்டம் உண்டு.