மூன்று ஜோடி ரப்பர்

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். சாத்தூரிலிருந்து வரும் சாலை முழுக்க நடந்து வருகிற கூட்டம், கொட்டுமேளம், குலவை, ஒலிபெருக்கிப் பாட்டு, இடையிடையே வேட்டு. இத்தனைக்கும் நடுவில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு தனக்கு வேண்டிய பாட்டைக் கேட்டபடி நடக்கிற பிள்ளைகளும் உண்டு. திருவிழாக் கடைகளில் வளையலுக்கும் பொரிகடலைக்கும் பக்கத்திலேயே ஹெட்செட்டும் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. வாங்கிப் பிரித்தால், மாட்டியிருக்கும் ரப்பரைத் தவிர, சின்னப் பிளாஸ்டிக் உறையில் சிறிதும் பெரிதுமாக இன்னும் இரண்டு ஜோடி இருக்கும். அந்த உறையைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

பாட்டு எப்படிக் கேட்கும் என்பதில் பெரும்பங்கு அந்த ரப்பரின் கையில் இருக்கிறது. காதுக்குப் பொருந்தாத ரப்பரை மாட்டினால் விலை உயர்ந்த கருவியும் தகரம்போல் ஒலிக்கும். பொருந்தினால் மலிவானதும் கணீரென்று பாடும். இத்தனை வேலை செய்கிற அந்தச் சிறுபொருள் இசைக்காரர்கள் வீட்டில் பிறந்ததல்ல. மருத்துவர், மதுக்கடைக்காரர், தொலைபேசிப் பொறியாளர், தூக்கம் வராதவர், தொழிற்சாலைத் தொழிலாளி என்று பலர் கைமாறித்தான் நம் காதுக்கு வந்து சேர்ந்தது.

1816-ல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் இதய நோயுள்ள ஓர் இளம்பெண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. மார்பில் நேரடியாகக் காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டவர், ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகவே கேட்டது. அந்தக் கூச்சத்திலிருந்து பிறந்ததுதான் ஸ்டெதஸ்கோப். அவருடைய மரக்குழல் ஒரு காதுக்கு மட்டுமானது. 1851-ல் அயர்லாந்து மருத்துவர் ஆர்தர் லியர்ட், இரண்டு காதுக்குமான கருவியை லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைத்தார். அதைச் செய்தது கட்டாபெர்ச்சாவில். மலாயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இந்தப் பொருளைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் சிங்கப்பூரிலிருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஜார்ஜ் கம்மன், தந்தத்தில் செய்த காது முனைகளோடு நடைமுறைக்கு ஏற்ற ஒன்றைச் செய்தார். மருத்துவர்கள் எல்லாருக்கும் பயன்பட வேண்டியது என்று அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. பிறகென்ன, பார்த்தவர்கள் எல்லாம் செய்தார்கள். காதுத்துளைக்குள் முனையைச் செருகி ஒலியைக் கேட்கும் வழக்கம் அப்படித்தான் உலகத்துக்குப் பழகியது.

அங்கிருந்து அது மதுக்கடைக்குப் போனது. எடிசனின் ஃபோனோகிராஃப் 1877-ல் வந்தது. அதன் ஒலி ஒரு கூடத்தை நிரப்பும் அளவுக்கு இல்லை. 1889 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் லூயி கிளாஸ் என்பவர் ஒரு யோசனை செய்தார். காசு போட்டால் பாடும்படி அந்த இயந்திரத்தை மாற்றி, ஸ்டெதஸ்கோப்பில் இருப்பதுபோன்ற கேட்புக்குழாய்கள் நான்கைப் பொருத்தி, ஒரு மதுக்கடையில் வைத்தார். ஆறு மாதத்துக்குள் 1000 டாலருக்கு மேல் வசூல். ஒருவர் காதில் இருந்ததை அடுத்தவர் வாங்கி வைக்க வேண்டுமே என்று, துடைத்துக்கொள்ளப் பக்கத்தில் துண்டும் தொங்கவிட்டிருந்தார்கள். ஹெட்செட்டை நண்பனோடு ஆளுக்கொரு பக்கமாகப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு அந்தத் துண்டின் நினைவு இருந்தால் நல்லது.

இரண்டே ஆண்டில், 1891-ல், பிரெஞ்சுப் பொறியாளர் எர்னெஸ்ட் மெர்காடியே அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். தொலைபேசி ஊழியர்களுக்காக 50 கிராமுக்கும் குறைவான எடையில், இரண்டு காதுக்குள்ளும் செருகும் கேட்புக்கருவி. அதன் முனையில் ரப்பர் உறை. காது உரசி வலிக்காதிருக்க ஒன்று, வெளிச்சத்தத்தை அடைக்க மற்றொன்று என்று அந்த உறைக்கு இரண்டு வேலைகளை அவரே எழுதிவைத்தார். இன்றைக்குச் சாத்தூர் பேருந்து நிலையத்தில் விற்கும் ஹெட்செட்டின் ரப்பரும் அதே இரண்டு வேலையைத்தான் செய்கிறது.

மெர்காடியே காலத்து ரப்பர் பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்து வந்தது. ஆனால் 1876-லேயே ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். முளைத்தவை சில ஆயிரம். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது, ஒரு கைப்பிடி சிங்கப்பூருக்குப் போனது. அந்தக் கன்றுகளின் வம்சம்தான் மலாயாவின் ரப்பர் தோட்டங்கள். கங்காணிகள் திரட்டிய தமிழ்க் குடும்பங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, விடியுமுன் எழுந்து பால் வெட்டின. முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் தோட்டத்து ரப்பர் காட்டு ரப்பரைச் சந்தையில் முந்திவிட்டது. உலகம் ரப்பரை இவ்வளவு தாராளமாகச் சின்னச் சின்னப் பொருளுக்கெல்லாம் செலவழிக்க முடிந்ததற்குப் பின்னால் அந்த மக்களின் உழைப்பு இருக்கிறது. கருவிகளின் வரலாறு எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

காதை அடைக்கும் கலை இதற்கிடையில் வேறொரு தடத்தில் வளர்ந்தது. நம் கரிசல் காட்டில் காதடைப்பு என்றால் பஞ்சுதான். குளிர்காற்றுக்கும் வேட்டுச் சத்தத்துக்கும் ஒரு விள்ளல் பஞ்சைத் திணித்துக்கொள்வது பாட்டிமார் வழக்கம். வெறும் பஞ்சின் இழைகளுக்கிடையே காற்று புகும், காற்றோடு சத்தமும் புகும். 1907-ல் ஜெர்மானிய மருந்தாளுநர் மாக்ஸ் நெக்வர் இதற்கு வழி கண்டார். ஒடிசி காவியத்தில் மாலுமிகளின் காதை மெழுகால் அடைத்த கதை அவருக்கு வழிகாட்டியது. பஞ்சில் மெழுகையும் வாசலைனையும் ஊட்டி உருண்டையாக்கி, ‘ஓரோபாக்ஸ்’ என்று விற்றார். போர்முனை வீரர்கள் வாங்கினார்கள். சத்தம் பொறுக்காத எழுத்தாளர் காஃப்கா 1915-ல் அதைப் பெர்லினிலிருந்து வரவழைத்தார்.

சிவகாசி வட்டாரத்திலிருந்து காதுக்குள் முதலில் நுழைந்த பொருள் வேறு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அந்தத் தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. பட்டாசு அதைத் தொடர்ந்தது. வீட்டுக்கு வீடு தீக்குச்சி மலிந்ததும் அதுவே காது குடையும் குச்சியும் ஆனது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லி எத்தனை முறை எழுதினாலும் தகும். குறும்பி தானாகவே மெல்ல வெளியே நகர்ந்து வரக்கூடியது. குச்சி அதைச் செவிப்பறைப் பக்கம் தள்ளிக் கெட்டியாக்குகிறது. ஹெட்செட்டில் ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் பல நேரம் காரணம் வயர் அல்ல. முனையின் சல்லடையில் அடைந்த குறும்பிதான்.

பட்டாசு கொடுத்த பிரச்சினை இன்னும் பெரிது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளைச் செய்யவும் விற்கவும் கூடாது என்று 1999-ல் மத்திய அரசு விதி செய்தது. அந்த எல்லைக்குள் அடங்குகிற வெடியும் காதருகே வெடித்தால் கேடுதான்.

இப்படிப்பட்ட சத்தத்திலிருந்து காதைக் காக்கப் பஞ்சும் மெழுகும் போதாது என்ற நிலையில்தான் ஃபோம் வந்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நேஷனல் ரிசர்ச் கார்ப்பரேஷனில் ராஸ் கார்ட்னர் என்ற வேதியியலாளர், அதிர்வை உறிஞ்சும் பிசின்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிடைத்த ஒரு மென்மையான பொருளைக் கசக்கி விட்டால் உடனே துள்ளி எழாமல், சோம்பல் முறித்தபடி பழைய வடிவுக்குத் திரும்பியது. மெல்லியதாக உருட்டிக் காதில் விட்டால், அது விரிந்து துளையின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. 1972-ல் கடைக்கு வந்த அந்த மஞ்சள் உருளை, சரியாகச் செருகினால் சோதனைக்கூட அளவில் 29 டெசிபல் வரை குறைக்கும். பாதி மட்டும் செருகினால் அந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும்.

இசை உலகம் அப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 1979-ல் சோனி வாக்மேன், 1982-ல் அதே நிறுவனத்தின் குட்டி இயர்போன். காது மடலின் பள்ளத்தில் சும்மா உட்காரும்; எதையும் அடைக்காது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் தொடங்கிய சென்னை பர்மா பஜாரின் வரிசைக் கடைகள் வழியாக வாக்மேனும் அதன் நகல்களும் மாவட்டங்களுக்குப் பரவின. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், பெட்டி அச்சு அசலாக இருக்கும். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: பேஸ் இல்லை.

அதற்கான விடை காது பரிசோதனை அறையிலிருந்து வந்தது. செவித்திறன் ஆய்வாளர் மீட் கில்லியன் 1983-ல் சிகாகோ அருகே எடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, செவித்திறன் சோதனைக்காகக் காதுக்குள் ஃபோமோடு செருகும் இயர்போன்களைச் செய்தார். சோதனையின்போது வெளிச்சத்தம் புகக்கூடாது, ஒலியும் கசியக்கூடாது. 1991-ல் அதே அறிவை இசைக்குத் திருப்பி, ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டார். ரப்பர் முனையில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறுத்துப்போகும் மூன்று வளையங்கள். நன்றாக ஆழத்தில் போய் அடைக்கும்.

அடைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? நம் காதுக்குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளம். முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிறைப்பட்டிருக்கும் கொஞ்சம் காற்றை அந்தக் குட்டி ஸ்பீக்கர் அழுத்தியும் விட்டும் ஆட்டுகிறது. தவில், பேஸ் கிட்டார் போன்றவற்றின் தாழ்ந்த ஒலிகள் மெதுவாக ஆடுபவை. ரப்பர் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் நழுவி ஓடிவிடும். ஓட்டை டியூபுக்குக் காற்றடிக்கிற கதைதான். வேகமாக ஆடும் உச்ச ஒலிகளுக்கு இந்தக் கசிவு பெரிதில்லை. ஆகவே ரப்பர் பொருந்தாதபோது பேஸ் மட்டும் காணாமல் போய், பாட்டு கீச்சென்று ஆகிறது. ஈக்வலைசரைத் திருகுவதைவிட ரப்பரை மாற்றுவது இதற்கு நல்ல மருந்து.

அடைத்த காதில் ஒரு வினோதமும் உண்டு. நம் எலும்பு வழியே வரும் ஒலி வெளியேற வழியின்றி உள்ளேயே முழங்கும். ஹெட்செட்டோடு சாத்தூர் சேவு மென்று பார்த்தவர்களுக்கு அந்த நொறுநொறுப்பு பாட்டையே மூழ்கடிப்பது தெரியும். முனை இன்னும் ஆழமாக, காதின் எலும்புப் பகுதி வரை போனால் இந்த முழக்கம் குறையும். எல்லாராலும் அந்த ஆழத்தைப் பொறுக்க முடியாது.

1995-ல் மேடைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்க ராக் இசைக்குழுவான வான் ஹேலனின் ஒலிப்பொறியாளர் ஜெரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனின் காது மேடை ஸ்பீக்கர்களின் இரைச்சலில் கெடுவதைக் கண்டு, காது அச்சு எடுத்து அதற்கேற்ற இயர்போன் செய்துகொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அப்படிப் பிறந்தது. சென்னை இசை நிகழ்ச்சிகளில் பாடகர்களின் காதில் இன்று தெரிவதும் அந்த வழிவந்ததே.

மற்றவை வேகமாக நடந்தன. 2001-ல் ஐபாடின் வெள்ளை வயர், பிறகு ஷென்சென் தொழிற்சாலைகளின் நகல் வெள்ளம், அந்த நகல்களோடு சிலிக்கோன் ரப்பர் மூன்று அளவில் எல்லா ஊருக்கும். 2019-ல் ஏர்பாட்ஸ் ப்ரோ, உள்ளிருக்கும் மைக்கால் காதைக் கேட்டு, ரப்பர் சரியாக அடைக்கிறதா என்று தானே சொன்னது. 2025-ல் வந்த அதன் மூன்றாம் தலைமுறையில் சிலிக்கோனுக்குள் ஃபோம் ஊட்டி, ஐந்து அளவில் தருகிறார்கள். தொழிற்சாலைக் காதடைப்பும் இசை ரப்பரும் ஒன்றாகிவிட்டன.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் அக்கறையோடு சொல்ல ஒன்று இருக்கிறது. ரப்பர் கசிந்தால் வெளி இரைச்சல் உள்ளே வரும். அதை மிஞ்சச் சத்தத்தைக் கூட்டுவோம். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நன்றாக அடைக்கும் ரப்பர், சத்தத்தைக் குறைத்துவைத்தே பாட்டை முழுதாகக் கேட்க விடும். அதே அடைப்பு லாரி ஹாரனையும் மறைக்கும். ஆகவே இருக்கன்குடிக்கு இரவில் சாலையோரம் நடக்கும்போது இரண்டு காதிலும் மாட்டவே வேண்டாம்.

பேருந்திலோ வீட்டிலோ கேட்பவர்கள் அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரியுங்கள். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். அப்போது முனையைச் செருகி மடலை விடுங்கள். பாட்டைப் போடாமல், வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகுங்கள். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் முழங்கினால் அடைப்பு சரி. ஒரு பக்கம் முழங்காமல் இருந்தால் அந்தப் பக்கத்துக்கு ஓரளவு பெரிய ரப்பரைப் போடுங்கள். வலதுக்கு ஓர் அளவும் இடதுக்கு வேறு அளவும் வேண்டியிருப்பது சாதாரணம்தான்.